வெள்ளைச் செருப்பு நிறுத்தம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்பு ஒரு குறையும் வைக்கவில்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி சளி இருமல் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "அது அப்படி இல்லம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன், கடைசி வரி வரைக்கும் படி, பாதியில் மடித்து வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணாதே.

முதலில் வீட்டு விஷயம். மாடி வீட்டு வக்கீலின் குளியலறைத் தண்ணீர் நம் கூடத்துச் சுவரில் இறங்குவது இன்னும் நிற்கவில்லை. போய்ச் சொன்னால் சட்டப்படி அது பொதுச் சுவர் என்கிறார். சுவர் பொதுவாம், நனைவது மட்டும் நாங்களாம். உன் அக்காவுக்கு வீட்டுக்குப் பக்கத்து நூலகத்துக்கே மாற்றல் வந்துவிட்டது, இரண்டு பஸ் மாறிப் போகிற தொல்லை ஒழிந்தது. அவளுடைய பெரியவளுக்கு முன் பல் விழுந்துவிட்டது, நான் உனக்கு ஒரு பல் செய்து தருகிறேன் என்று உன் அப்பா விளையாட்டுக்குச் சொல்ல, தாத்தா தங்கப் பல் கட்டப் போகிறார் என்று அது வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. உன் அப்பா முன் அறையில் இன்னும் பல் செட் செய்துகொண்டுதான் இருக்கிறார். கண்ணைப் பரிசோதித்த டாக்டர் நுண்ணிய வேலையைக் குறைக்கச் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவருக்குச் செய்த செட், சிரித்தால் மட்டும் டக்கென்று சத்தம் போடுகிறதாம். அவர் சிரித்து யார் பார்த்தார்கள், விடுங்கள் என்றேன். அதற்குக் கோபித்துக்கொண்டு அன்றைக்குத் தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். யார் கேட்டாலும் என் மகன் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறான் என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்தேன். பாலம் கட்டவோ ரோடு போடவோ இருக்கும் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தப் போகவில்லை. போன மாதம் நீயே வாயைத் திறந்து உண்மையைச் சொன்னாய். தெருவில் நடந்துகொண்டே போனுக்குள் ஆறு கால் பூனை பிடிக்கிற விளையாட்டாம், எந்த இடத்தில் எந்தப் பூனை வர வேண்டும் என்று குறிக்கிறதுதான் உன் உத்தியோகமாம். இதற்காகவா நாங்கள் உன்னை விடிய விடியப் படிக்க வைத்தோம் என்று கேட்டதற்கு, "நம்ம ஊருக்கு இடமெல்லாம் நான்தாம்மா குறிச்சேன், ஒரு மாசம் விளையாடிப் பாரு, அப்புறம் திட்டு, உனக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கேன், நீயே கண்டுபிடி" என்றாய். சரி, நான் யாரையும் பரிசோதிக்காமல் திட்டியதில்லை. ஒரு மாதம் விளையாடிவிட்டேன். இப்போது திட்டுகிறேன்.

ஆரம்பமே அவமானம். பிறந்த வருஷம் கேட்டு ஒரு சக்கரத்தைக் காட்டுகிறது. அதை உருட்டி உருட்டி என் வருஷத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கட்டை விரல் வலிக்க ஆரம்பித்துவிட்டது. இந்த வயசில் ஒருத்தி வருவாள் என்று நீங்கள் யாரும் நினைக்கவே இல்லை போலிருக்கிறது. பெயர் என்று கேட்டது. சொந்தப் பெயரை ஊருக்கெல்லாம் காட்டுவானேன் என்று ஓய்வு பெற்ற தலைமைச் செவிலியர் என்று பதவியை அடித்தேன். அது இடமில்லை என்று பாதியில் வெட்டி, ஓய்வு பெற்ற தலை என்று வைத்துக்கொண்டது. திருத்தத் தெரியவில்லை. இன்றைக்கும் அந்த உலகத்தில் என் பெயர் ஓய்வு பெற்ற தலைதான். பிறகு ஒரு உருவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பெண் என்று அழுத்தினால் வருகிற எல்லாமே இருபது வயசு, ஒரு சாண் இடுப்பு. நரை முடி கேட்டால் நீல நரை இருக்கிறது, பச்சை நரை இருக்கிறது, தலையில் நரைக்கிற நிறத்தில் ஒரு நரை இல்லை. உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் அம்மா கிடையாதா?

முதல் நாள் வாசலைத் தாண்டி முனையிலிருக்கிற மருந்துக்கடைக்குப் போகவே கால் மணி நேரம் பிடித்தது. திரையில் நான் ஒரு புள்ளி. நான் வலது பக்கம் திரும்பினால் தெருவே இடது பக்கம் திரும்புகிறது. சரி என்று போனைத் திருப்பினால் படமும் கூடவே திரும்புகிறது. நாற்பது வருஷம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நின்றேன், எதிர் வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து என்ன தொலைந்தது என்று கேட்டாள். புத்தி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். வந்த இடத்தில் போன் உறுமுகிறது. பூனை வீட்டுக்குள்ளேயே, உன் அப்பாவின் வேலை மேஜை மேல், காயவைத்திருந்த பல் அச்சுகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அசையாத, அசையாத, நீதிபதியோட கீழ்ப்பல்லு மேல நிக்குது" என்று கத்துகிறார். வலை வீச விரலை மேலே தள்ள வேண்டுமாம். நான் எதைத் தள்ளினேனோ, போன் என் மூக்கை வரிசையாகப் பதினேழு படம் எடுத்தது. கடைசியில் அவர் பிடுங்கி ஒரே தள்ளில் பிடித்தார். அன்றோடு மனுஷன் கெட்டார். வேலையை நடுவில் போட்டுவிட்டு, கையில் பல் அச்சு மாவோடு, தண்ணீர்த் தொட்டி வரை போய் வருகிறேன் என்று கிளம்புகிறார். முழங்கால் வலிக்கிறது என்று காய் வாங்க வராத ஆள். நடந்து நடந்து இப்போது வலி குறைந்துவிட்டதாம், உன்னிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். அதை உன் விளையாட்டுக்குக் கிடைத்த பெருமையாக எடுத்துக்கொள்ளாதே, நான் ஐந்து வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு ஆறு கால் இல்லாததால் என் பேச்சு எடுபடவில்லை.

வெளியே இன்னும் கேவலம். பூனை ஒன்று தையல் கடைக்குள் இருக்கிறது என்று காட்டியது, நான் வாசலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். தையல்காரர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எதுக்கும்மா கடையப் போட்டோ எடுக்கறீங்க, யாராவது புகார் குடுத்தாங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டார். எத்தனை கெட்ட செய்தியை எத்தனை பேரின் முகத்தைப் பார்த்துச் சொன்னவள் நான். நோயாளியின் வீட்டு ஆட்களிடம்கூட ஒரு பொய் சொன்னதில்லை. அந்தத் தையல்காரரிடம் சிக்னல் தேடுகிறேன் என்று கூசாமல் சொன்னேன். ஒரு பூனைக்காக. அதுவும் இல்லாத பூனைக்காக.

அங்கேதான் உன் வாடிக்கையாளர்கள் சிலரைப் பார்த்தேன். நான் ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன். பிஸ்கட் கம்பெனி விற்பனைக்காரர் ஒருவர், ஐம்பதை நெருங்குகிறவர், டை கட்டிக்கொண்டு, மாதிரி பிஸ்கட் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு போன். தன்னை வேட்டைக்காரன் என்று அழைக்க வேண்டுமாம். வண்டி ஓட்டத் தெரியாது, எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுவேன் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். கணக்கு டீச்சர் ஒருத்தி, வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்று குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறாள், அப்படி நிற்கிறவளைத்தான் தெரு முழுக்கப் பார்க்கிறது. இப்படி ஒரு ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் கழுத்து ஒரே கோணத்தில் வளைந்திருக்கிறது, இன்னும் பத்து வருஷத்தில் எலும்பு டாக்டருக்கு நல்ல வேலை. என் போனை எட்டிப் பார்த்ததும், "அட, ஓய்வு பெற்ற தலை நீங்கதானா?" என்று வேட்டைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர்தான் சொன்னார், சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பெரியது ஒன்று வருகிறது, கொம்பு வைத்த ஆமை, அது ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் வரும், எட்டுப் பேர் சேர்ந்து வலை வீசினால்தான் விழும், "நீங்க வந்தாச் சரியா எட்டும்மா" என்று. எந்த இடம் என்று கேட்டேன். போனைக் காட்டினார். வெள்ளைச் செருப்பு நிறுத்தம் என்று எழுதியிருந்தது. "யாரோ லூசுப் பய பேரு வெச்சிருக்கான் பாருங்க" என்று அவர் சிரித்தார், டீச்சரும் குடைக்குள்ளிருந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த லூசுப் பயல் யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ மறந்திருக்க மாட்டாய், மறந்திருந்தால் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பு விட்டதும் உன்னை வைத்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை, அப்பா கடையில் வேலை, அக்காவுக்குச் சாயங்கால வகுப்பு. ஆஸ்பத்திரிப் பின்பக்கம் ஊழியர் கதவுக்கு வெளியே, கொட்டகைக்குக் கீழே சிமெண்டு பெஞ்சில் உன்னை உட்கார வைத்துவிட்டு உள்ளே போவேன். அந்தக் கதவு அடியில் ஒரு சாண் தேய்ந்து போயிருக்கும். நீ பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் படுத்து அந்த இடைவெளி வழியாக உள்ளே போகிற வருகிற செருப்புகளைப் பார்ப்பாய், அதில் வெள்ளை என்னுடையது. இன்றைக்கு உன் வெள்ளைச் செருப்பு ஒன்பது தடவை போனது, இன்றைக்குப் பதினோரு தடவை என்று வீட்டுக்கு வருகிற வழியில் கணக்குச் சொல்வாய். சட்டையில் அழுக்கு என்று நான் திட்டுவேன். எனக்கென்று நீ வைத்தது இதுதான் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்ததும் என்ன ஆனது என்று எழுதப் போவதில்லை, டீச்சர் குடையை என் பக்கம் சாய்த்தாள் என்பது மட்டும் போதும்.

ஆனால் கண்ணா, நீ ஞாபகத்தில் இருக்கிற இடத்தைக் குறித்துவிட்டாய், தரையில் இருக்கிற இடத்தைப் பார்க்கவில்லை. நீ ஊரைவிட்டுப் போன மறு வருஷமே அந்தக் கொட்டகையை இடித்துவிட்டார்கள். பெஞ்சு இல்லை, கதவு இல்லை. முன்பக்கம் நெரிசல் என்று அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலையே பின்பக்கம் கொண்டுவந்தார்கள். நீ படுத்துக் கிடந்த இடம் இப்போது ஆம்புலன்ஸ் ஏறுகிற சாய்தளம். அங்கே யாரும் நிற்கக் கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு போட வைக்க நான் ஆறு மனு எழுதினேன், ரிட்டயர் ஆவதற்கு நாலு மாதம் முன்னால்தான் போட்டார்கள். உன் வரைபடத்தில் அந்த வட்டத்தின் நடு அந்த மஞ்சள் கோட்டுக்குள்தான் விழுகிறது.

இதெல்லாம் தெரிந்தவள், சனிக்கிழமை நாலு மணிக்குப் போனதும் என்ன செய்திருக்க வேண்டும்? மற்ற ஏழு பேரையும் விரட்டியிருக்க வேண்டும். முதலில் ஓரமாக நிற்கச் சொன்னேன் என்பது உண்மை. ஓரத்தில் நின்றால் ஆமை தெரியவில்லை, இரண்டு அடி முன்னால் வந்தால் தெரிகிறது என்றார்கள், வந்தார்கள், நானும் வந்தேன். உன்னை நினைத்து உருகிப்போய் நின்றேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அப்படி இருந்தாலாவது ஒரு நியாயம் இருக்கும். நான் வலை வீசிக்கொண்டிருந்தேன். மூன்று நிமிஷம்தான் நேரம் கொடுக்கிறது, ஓரத்தில் வினாடி குறைந்துகொண்டே வருகிறது, என் வலை இரண்டு தடவை கொம்பில் மாட்டியது, "விடாதீங்க, விடாதீங்க" என்று கத்தியது நான்தான். வேட்டைக்காரனின் போனிலிருந்து மேளம் மாதிரி ஏதோ சத்தம். ஆம்புலன்ஸ் திரும்பியது, சங்கு ஊதியது, எனக்குக் கேட்டது, கேட்டது என்று மூளைக்குப் போய்ச் சேரவில்லை. எத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்குச் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடினவள் நான். எட்டுப் பேரும் தலையைத் தூக்காமலே இரண்டு அடி நகர்ந்தோம், வண்டி போக வேண்டிய பக்கமே நகர்ந்தோம். டிரைவர் கதவைத் திறந்து குதித்து, "அறிவிருக்கா, உள்ள உசுரு கிடக்குது, பொம்மை பாத்துக்கிட்டு நிக்கறீங்க?" என்று கத்திக்கொண்டே வந்து டீச்சரின் குடையைத் தள்ளிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "சிஸ்டர், நீங்களா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனதற்காக வார்டு முழுக்கக் கேட்கும்படி நான் அவரைக் கிழித்திருக்கிறேன். பதிலுக்கு அன்றைக்கு அவர் என்னைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. நீங்களா என்று கேட்டுவிட்டு, வண்டியில் ஏறிக் கொண்டுபோய்விட்டார். உள்ளே இருந்தவர் ஒரு பெயிண்டர், இரண்டாவது மாடிச் சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது ஏணி சரிந்து விழுந்திருக்கிறார். வண்டி கிளம்புவதற்கு முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், கூட வேலை பார்க்கிறவர் கை முழுக்க நீல பெயிண்டோடு அவருடைய தலையில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், வண்டி ஏன் நிற்கிறது என்று அவருக்குப் புரியவில்லை, எங்களைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. வழி கேட்கிற மாதிரிப் பார்த்தார். அதே நேரத்தில் என் கையில் போன் உறுமியது, ஆமை விழுந்துவிட்டதாம், வாழ்த்துக்கள் என்று காகிதப் பூ கொட்டியது.

வண்டி நின்றது நாற்பது வினாடி இருக்கும். வேட்டைக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானமாகத்தான், "நாப்பது செகண்டுதானேம்மா" என்றார். நாற்பது வினாடியில் என்னென்ன நடக்கும் என்று அவரை அங்கேயே நிறுத்தி ஒவ்வொன்றாகச் சொன்னேன். யார் யாருக்கு நடந்தது என்றும் சொன்னேன். பாதியில் அவர் மாதிரிப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார், உள்ளே பிஸ்கட் நொறுங்குகிற சத்தம் கேட்டது. நானும் அவரும் வெளியே காத்திருந்தோம். இரண்டு மணி நேரம் கழித்து என்னிடம் பயிற்சி எடுத்த நர்ஸ் ஒருத்தி வந்து, உயிருக்கு ஒன்றும் இல்லை, கை உடைந்திருக்கிறது, மண்டையில் பதினாறு தையல் என்றாள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் தினமும் போய்ப் பார்த்தேன். வண்டி நின்றது யாரால் என்று மூன்றாம் நாள் அவரிடமே சொன்னேன். "எனக்கு எதுவும் ஞாபகமில்லம்மா, விடுங்க" என்றார் பெயிண்டர். விடச் சொல்வது சுலபம். அவர் கெட்டியான ஆள், பிழைத்தார். அதில் என் சாமர்த்தியமும் இல்லை, உன் சாமர்த்தியமும் இல்லை. இன்னொருவரானால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

அன்றைக்கே உங்கள் விளையாட்டில் புகார் என்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, முழு விவரமும் எழுதினேன். இந்த இடம் ஆம்புலன்ஸ் வழி, உடனே எடுக்கவும் என்று. மறு நொடியே பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, தொடர்ந்து மகிழ்ச்சியாக விளையாடுங்கள் என்று ஒரு பூனை ஆறு காலையும் தூக்கி ஆடியது. மறுபடி எழுதினேன், மறுபடி ஆடியது. நாலாவது தடவை ஆடும்போதுதான் உறைத்தது, இந்தப் பூனைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளை நான்தான் பெற்றேன் என்று. ஆனாலும் உடனே உனக்கு எழுதவில்லை. முதலில் என் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு முன்னாலேயே போய் வாசலில் நின்றேன். பதினான்கு பேர் வந்தார்கள், எங்கிருந்தோ பஸ் ஏறியெல்லாம் வந்திருக்கிறார்கள். வார்டில் பேசுகிற குரலில் பேசினேன், அது இன்னும் இருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தன் மட்டும் பொது இடத்தில் நிற்க எனக்கு உரிமை இருக்கிறது என்றான், மாடி வீட்டு வக்கீலுக்குச் சொந்தமோ என்னவோ. அவனை வேட்டைக்காரன்தான் தோளில் கை போட்டு நடத்திக்கொண்டு போனார். ஆமாம், அவரும் வந்திருந்தார், நான் கூப்பிடவில்லை. டை இல்லாமல், போன் இல்லாமல், இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வந்து நின்றார். டீச்சர் ஒரு அட்டையில் இங்கே நிற்காதீர்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து குடையில் கட்டித் தொங்கவிட்டாள். உன் அப்பாவும் வந்தார், என்னிடம் எதுவும் சொல்லாமல் மஞ்சள் கோட்டின் மறுமுனையில் போய் நின்றுகொண்டார். மனுஷர்கள் அவ்வளவு மோசம் இல்லை என்று தோன்றியது, ஐந்து நிமிஷம் தோன்றியது. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதே இடத்தில் வேறொரு ஆமை வருகிறது என்று உன் விளையாட்டு எல்லாருக்கும் அறிவித்துவிட்டது. அங்கே இருக்கிற வாட்ச்மேன் ஒற்றை ஆள், அவர் கேட்டைப் பார்ப்பாரா, ஆமையைப் பார்ப்பாரா? நாங்கள் நாலு கிழங்கட்டைகள் எத்தனை நாள் நின்று கொண்டிருப்போம்?

ஆகவே, அதை எடு. உன் மேலதிகாரியிடம் கேட்க வேண்டும், கூட்டத்தில் வைக்க வேண்டும், விவரம் பார்த்துத்தான் இடம் குறிக்கிறோம் என்றெல்லாம் என்னிடம் சொல்லாதே. அந்த இடத்தை நீ எந்த விவரத்தைப் பார்த்துக் குறித்தாய் என்று எனக்குத் தெரியும். விவரம் தெரியாதவளாக இருந்திருந்தால் ஏமாந்திருப்பேன். ஆமையை வேறெங்கே வைப்பது என்று கேட்பாயானால், அதையும் பார்த்து வைத்திருக்கிறேன். தண்ணீர் வாரிய அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய திடல் இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது, ஐந்து பெஞ்சு இருக்கிறது, எந்த வண்டியும் உள்ளே வர முடியாது, நான் மூன்று வேறு வேறு நேரத்தில் போய்ப் பார்த்தேன், காலால் அளந்தும் பார்த்தேன், நூற்றுப்பத்து அடி நீளம். அங்கே எத்தனை கொம்பு வேண்டுமானாலும் வைத்துக்கொள். இனிமேல் எந்த ஊரில் எந்த இடத்தைக் குறித்தாலும், அந்த ஊரில் யாரையாவது பிடித்து, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குறி. ஒவ்வொரு ஊரிலும் உன் அம்மா போய் நிற்க முடியாது.

ஆனால் அந்தப் பெயரைத் திடலுக்குக் கொண்டுபோகாதே. வேறு ஏதாவது பெயர் வை. அது விளையாடுகிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது, எனக்கு அது சிரிப்பு இல்லை. உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது, இதையும் காகிதத்தில்தான் சொல்ல முடியும். எனக்கு அந்தக் கதவுப் பக்கம் வேலையே கிடையாது. மருந்து அலமாரி, படுக்கைகள், டாக்டர் அறை எல்லாமே எதிர்ப்பக்கம். நீ படுத்துப் பார்க்கிறாய் என்று முதல் வாரமே தெரியும், உன் நெற்றி அந்த இடைவெளியில் தெரியும். ஒன்பது தடவை, பதினோரு தடவை என்று நீ எண்ணினாயே, அத்தனையும் கை வேலையை விட்டுவிட்டு உனக்காகவே நடந்ததுதான். வார்டில் கூட்டமாக இருந்த நாளில் நாலு தடவைக்கு மேல் முடியாது. அன்றைக்கெல்லாம் நீ வழியில் கணக்குச் சொல்ல மாட்டாய், நானும் கேட்க மாட்டேன். இதை ஒரு வரைபடத்தில் எழுதி வைத்து, யாரோ பிஸ்கட் விற்கிறவர் வாசித்துச் சிரிக்க வேண்டியதில்லை. நீ வைத்ததைப் பார்த்துவிட்டேன். எனக்குச் சந்தோஷம். எடுத்துவிடு.

உனக்கு எல்லா நன்மையும் வரட்டும், உன் கையால் யாருக்கும் கெடுதல் வராமல் இருக்கட்டும், நீ தொடுகிற வேலை துலங்கட்டும், அந்த வேலை பூனையாகவே இருந்தாலும். நாற்காலியில் கூன் போட்டு உட்காராதே, மணிக்கு ஒரு தடவை எழுந்து நட. அப்பா தன் அன்பையும், விளையாட்டில் பதினான்காம் படியைத் தாண்டிவிட்டேன் என்ற தகவலையும் சேர்த்து எழுதச் சொன்னார், அன்பை மட்டும் எழுதுகிறேன். எடுத்துவிட்டேன் என்று எனக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டாம், நீ சொன்னால் நம்புவதா வேண்டாமா என்று நான் யோசிக்க வேண்டியிருக்கும். தினமும் நாலு மணிக்கு அந்த வாசலுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நின்று போனைத் திறந்து பார்க்கப் போகிறேன். என்றைக்கு அந்த இடத்தில் எதுவும் எழுதாமல் வெறும் ரோடு மட்டும் தெரிகிறதோ, அன்றைக்கு என் மகன் இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவேன்.

இப்படிக்கு,
அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா